ஜாக்கியில் ஏற்றினால் ஒளிந்துகொள்ளும் சத்தம்

"அண்ணே, முன்னுக்கு டொக்கு டொக்குன்னு அடிக்குது" என்று சொல்லி பிக்கப்பை விட்டுவிட்டுப் போனால், பல பட்டறைகளில் காடி நேராக லிஃப்டில் ஏறும். நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும். ஃபோர்மேன் ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், எதுவும் ஆடாது. கடைசியில் பழி அப்சோர்பர் (குலுக்கலை அடக்கும் குழாய்) மேல் விழும். புது ஜோடி மாட்டி வெளியே வந்து, தாமான் (குடியிருப்பு) வாசலில் முதல் போங்கோலை (வேகத்தடை) ஏறி இறங்கினால் அதே டொக்கு.

அவர் கை சோடை போகவில்லை. ஆட்டிப் பார்த்த நிலைதான் தப்பு. டபுள் கேப் டீசல் பிக்கப்பின் முன்பக்கம் மட்டும் ஏறக்குறைய ஒரு டன் எடை. அந்த எடை சக்கரத்தின் வழியாகத் தரையில் இறங்கும்போது தேய்ந்த மூட்டில் இடைவெளி ஒரு பக்கம் திறக்கும். குழியில் விழுந்து எழும்பும்போது மறு பக்கம் போய் அடிக்கும். அதுதான் நமக்குக் கேட்கிறது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மைக் கீழே தள்ளி, எல்லாவற்றையும் ஒரே பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த மூட்டும் புதுசு போல இறுகி நிற்கும். ஆகவே முன்பக்கச் சத்தத்தைத் தேடும்போது பெரும்பாலான வேலை காடி தரையில் நிற்கும்போதே நடக்க வேண்டும்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் கேட்கிறது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; சேஸிஸ் இரும்பு வழியாக இடது பக்கத்து அடி வலது பக்கத்தில் கேட்பது சாதாரணம். எப்போது கேட்கிறது என்பதுதான் துப்பு. பினாங்குப் பாலத்தின் இணைப்புகள் ரோட்டுக்குக் குறுக்கே நேராக இருப்பதால் முன் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் அடி வாங்கும். கோலாலம்பூரில் ஒட்டுப் போட்ட பின்சந்துகளில் ஒரு சக்கரம் மட்டும் விழுந்து எழும்பும். இரண்டும் இரண்டு வேறு சோதனை. பாலத்தில் அமைதியாக வந்த காடி சந்தில் கடகடவென்று பேசினால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மேல்; வளைவில் காடி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் சின்னத் தண்டு அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்காமல் மொத்தமாகச் சுழலும், லிங்குக்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது கம்பி முறுக்கிக்கொண்டு லிங்கின் பால் ஜாயிண்டை (கிண்ணத்துக்குள் உருண்டை சுழலும் மூட்டு) இழுக்கும். போங்கோல் ஒன்று கிடைத்தாலே இதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்: ஒரு முறை நேராக ஏறுங்கள், மறுமுறை 10 கி.மீ. வேகத்தில் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்கச் செலவில்லாத வழி உண்டு. இரண்டு பக்க லிங்கையும் கழற்றி, ஸ்டெபிலைசர் கம்பி எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, அதே சந்தில் மெதுவாக ஓட்டுங்கள். வளைவில் காடி கூடுதலாகச் சாயும் என்பதால் 30 கி.மீ.க்கு மேல் போக வேண்டாம், ஹைவே பக்கம் போகவே வேண்டாம். சத்தம் போய்விட்டதா, குற்றவாளி லிங்க் அல்லது கம்பியைச் சேஸிஸில் பிடித்திருக்கும் ரப்பர் புஷ். போகவில்லையென்றால் லிங்கைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றியும் கம்பிக்கு முறுக்கு வராதுதான். ஆனால் தொங்கும் முனை ஆடி வேறெதிலாவது தட்டிப் புதுச் சத்தம் கொடுக்கும், குழப்பம்.

இனி ஸ்டீயரிங். காடி தரையில், பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கை பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில், இன்ஜின் ஓடட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் மட்டும் வெடுக்கு வெடுக்கென்று இடம் வலமாக ஆட்ட வேண்டும். முழுசாகத் திருப்பக்கூடாது, சின்ன ஆட்டத்தில்தான் இடைவெளி தெரியும். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து சக்கரத்துக்குப் பின்னால் கை விட வேண்டும். பெல்ட், ஃபேன் பக்கம் கையும் சட்டையும் போகக்கூடாது.

கண்ணை விட விரலை நம்புங்கள். டை ராட் எண்டில் (ஸ்டீயரிங்கின் தண்டு சக்கரப் பக்கத்தோடு சேரும் முனை) ஆள்காட்டி விரலை நீளவாக்கில் வையுங்கள்: விரலின் ஒரு பாதி பால் ஜாயிண்டின் கிண்ணத்தில், மறு பாதி நக்கிள் ஆர்மில் (நக்கிள் என்பது சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் இரும்பு). நல்ல ஜாயிண்ட் என்றால் இரண்டும் ஒரே உடம்பாக நகரும். தேய்ந்திருந்தால், ஸ்டீயரிங் திசை மாறும் அந்த நொடியில் கிண்ணம் முதலில் நகரும், நக்கிள் ஆர்ம் ஒரு கணம் பிந்தி வரும். அந்தப் பிந்தல் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் விரல் நுனியில் ஒரு படிக்கட்டு போலத் தட்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் அந்த ஜாயிண்ட் காடியில் இருக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது.

அங்கிருந்து உள்ளே வந்தால் ரேக் எண்ட்: ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடம் வலமாக நகரும் ரேக்கின் முனை மூட்டு. இது ரப்பர் பூட் என்கிற மடிப்பு உறைக்குள் ஒளிந்திருக்கிறது. பூட்டை வெளியிலிருந்து நன்றாக அழுத்தி உள்ளே உருண்டையைப் பிடித்துக்கொண்டு அதே ஆட்டம். இன்ஜின் சூட்டில் காய்ந்த பூட்டு அழுத்தினால் பிளந்துவிடும்; அப்படிப் பிளந்தால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அழுத்தும்போது உள்ளே சளசளவென்று எண்ணெய் தட்டுப்பட்டால் ரேக்கின் சீல் போய்விட்டது, அது தனி வேலை. அடுத்து ரேக்கின் உடம்பையே பாருங்கள். ஸ்டீயரிங் ஆடும்போது ரேக் முழுசும் பக்கவாட்டில் நகர்ந்தால் அதைக் கிராஸ் மெம்பரில் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) பிடித்திருக்கும் ரேக் புஷ் தளர்ந்திருக்கிறது. ஹைட்ராலிக் ரேக்கில் எண்ணெய் கசிந்து இந்தப் புஷ்ஷை ஊற வைத்துக் களிமண்ணாக்கிவிடும். அப்போது புஷ் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்ப வரும். கசிவை முதலில் நிறுத்த வேண்டும்.

காதில் கேட்பதைவிடக் கையில் அதிகம் தெரிகிற "டிக்" என்றால் ஸ்டீயரிங் ஷாஃப்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்டைப் பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே பெடல் பக்கம் ஒன்று, இன்ஜின் பக்கம் ரேக்குக்கு மேலே ஒன்று. கையால் பொத்திக்கொண்டு ஆட்டினால் கிளிக் உள்ளங்கையில் அடிக்கும். பிடிக்கும் போல்ட்டு தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதனால் முதலில் போல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். ஷாஃப்டைக் கழற்றுவதாக இருந்தால் சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங்கைப் பூட்டி, ஷாஃப்டிலும் ரேக்கிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஷாஃப்ட் கழன்றிருக்கும்போது யாராவது ஸ்டீயரிங்கைச் சுற்றிவிட்டால் ஏர்பேக்கின் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் மின் நாடா) அறுந்துவிடும். திருப்பும்போது ஸ்டீயரிங்குக்கு உள்ளிருந்தே காகிதம் உரசுவது போல சரசரவென்று கேட்டால் அது கிளாக் ஸ்பிரிங்கின் சத்தம்தான். ஹார்ன் அவ்வப்போது அடிக்காமல் போவதும் ஏர்பேக் லைட் எரிவதும் கூடவே வரும். அங்கே கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிக் குறைந்தது 90 வினாடி காத்திருக்க வேண்டும். ஃபயர்வால் ரப்பரில் ஷாஃப்ட் உரசினால் கீச்சென்று வரும். சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் தீர்ந்தது.

இப்போதுதான் ஜாக்கி. ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயிண்டைப் பார்க்க ஜாக்கியைச் சேஸிஸில் வைக்கக்கூடாது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் என்று நம் ரோட்டில் ஓடுகிற பெரும்பாலான பிக்கப்புகளில் முன்பக்க எடையை ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இறக்குகிறது. பழைய மாடல்களின் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) சிலவற்றில் கீழ் ஆர்மோடும் சிலவற்றில் மேல் ஆர்மோடும் இணைந்திருக்கும். ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ எந்த ஆர்மைத் தாங்குகிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். கீழ் ஆர்ம் என்றால் ஜாக்கி கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு முடிந்தவரை பக்கத்தில். டயர் தரையிலிருந்து 3, 4 செ.மீ. எழும்பினால் போதும். இப்போது ஸ்பிரிங்கின் அழுத்தத்தை ஜாக்கி வாங்கிக்கொண்டது, ஜாயிண்ட் இரண்டும் விடுதலை. ஸ்டாண்டைச் சேஸிஸில் பாதுகாப்புக்கு நிறுத்திவிட்டு, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்புங்கள். கூட இருப்பவர் நக்கிளுக்கும் கீழ் ஆர்முக்கும் நடுவில் மட்டும் பார்க்க வேண்டும். பார்வைக்குத் தெரியும்படி நக்கிள் எழும்பி இறங்கினால் ஜாயிண்டை மாற்றும்வரை அந்தக் காடியை ஓட்டக்கூடாது. டை ராட் தேய்ந்தால் ஸ்டீயரிங் அலையும், டயர் தின்னும், நாளாக நாளாக எச்சரிக்கும். கீழ் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே வெளியே மடங்கும். டொயோட்டா 2005-இல் அமெரிக்காவில் டக்கோமா, டுண்ட்ரா வகைகளைத் திரும்ப அழைத்தது இந்த ஒரு மூட்டுக்காகத்தான்.

அதே நிலையில் டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், கூட இருப்பவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட். பிரேக் மிதிக்கும்போது டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடுகின்றன, பேரிங்குக்கு ஆட இடமில்லை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் மட்டும் அசைந்தால் டை ராட் அல்லது ரேக் எண்டுக்குத் திரும்பிப் போங்கள்.

பேரிங் எப்போதும் ஆட்டம் கொடுத்துக் காட்டிக்கொடுக்காது. ஆட்டமே இல்லாமல் 60, 70 கி.மீ. வேகத்தில் ஊ என்று இரையும். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறும் ரோடு போல வளைவு மேல் வளைவு வரும் இடம் இதற்கு நல்லது. இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரத்துக்குப் போகும்; அப்போது இரைச்சல் ஏறினால் வலது பேரிங். டயர் இரைச்சல் வேறு: பழைய தாரிலிருந்து புதுத் தாருக்கு மாறினால் அதன் குரல் மாறும், பேரிங்கின் குரல் மாறாது. எம்டி டயர் (சேற்றுக்கான முரட்டு டயர்) போட்டவர்கள் முன்னதைப் பின்னால் மாற்றி ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேரிங்கைத் தொட வேண்டும். இன்னும் சந்தேகமென்றால் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுற்றிவிட்டு மறு கையை அந்தப் பக்கத்து காயில் ஸ்பிரிங்கில் வையுங்கள். நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் சும்மா இருக்கும். கெட்டதில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நடுக்கம் கம்பி வழியாக விரலுக்கு வரும். கோலாலம்பூரில் திடீர் வெள்ளத்தில் அச்சு முழுகும்வரை நின்ற காடிகளில் இது சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அன்றைக்கு ஓடிற்று என்பதால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம்.

புஷ் விஷயத்தில் மழையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வெயிலில் கிரீச் கிரீச்சென்று வந்த காடி சாயங்கால மழைக்குப் பிறகு வாய் மூடிக்கொண்டால் அது ரப்பர். காய்ந்த நாளில், தண்ணீர்க் குழாயை ஒரே ஒரு புஷ்ஷுக்கு மட்டும் பிடித்து முன் பம்பரை மேலும் கீழும் அழுத்துங்கள், பிறகு அடுத்தது. எதில் தண்ணீர் பட்டதும் கிரீச் நிற்கிறதோ அதுதான். இன்ஜின் ஆயிலோ துரு விடும் ஸ்பிரேயோ அடிக்காதீர்கள்: சத்தம் நாலு நாள் அடங்கும், ரப்பர் ஊதிப் பிய்ந்துபோகும்.

ஆர்ம் புஷ் மாற்றியவர்களின் காடியில் ஆறு மாதத்துக்குள் அதே புஷ் கிழிவதை அடிக்கடி பார்க்கலாம். சாமான் மட்டம் என்று திட்டுவார்கள். பெரும்பாலும் சாமானில் குற்றமில்லை. இந்தப் புஷ்ஷில் ரப்பர், நடுக் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டப்பட்டிருக்கிறது; அது சுழல்வதில்லை, முறுக்கித் திரும்புகிறது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முழுசாக இறுக்கினால் அந்தத் தொங்கல் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். காடியை இறக்கியதும் நின்ற இடத்திலேயே அது முறுக்கிக்கொண்டு நிற்கும், இரவு பகலாக. போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, காடியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை முன்பக்கத்தை அழுத்தி அமர்த்திவிட்டு, அதன் பிறகு டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். கீழே படுத்துக்கொண்டு செய்கிற வேலைதான், அலுப்பாக இருக்கும், ஆனால் இதை விட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

பவர் ஸ்டீயரிங் முனகுவது வேறு குடும்பம். திருப்பும்போது உய்ங் என்று வந்து, டேங்கில் எண்ணெய் நுரை கட்டி மோர் மாதிரி வெளுத்திருந்தால் காற்று உள்ளே போகிறது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சும் குழாயைப் பாருங்கள். அது காய்ந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாமல் காற்றை மட்டும் இழுக்கும். கிளிப்பும் பம்ப் வாயிலுள்ள ஓ ரிங்கும் அதே வகை. சரி செய்த பிறகு காற்றை எடுக்க, முன் சக்கரத்தைத் தூக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை இடமும் வலமும் மெதுவாக இருபது தரம் சுற்றி, எண்ணெய் இறங்க இறங்க நிரப்புங்கள். குமிழி நின்ற பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யலாம். கடைக்கோடியில் ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து வைத்தால் பம்ப் சூடேறிக் கெடும். எண்ணெய் வகை டேங்க் மூடியில் எழுதியிருக்கும், கடையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள். 2015-க்குப் பிறகு வந்த ரேஞ்சரில் எலக்ட்ரிக் ஸ்டீயரிங் என்பதால் இந்தப் பேச்சே இல்லை.

பெல்ட் கீச்சிட்டால், ஓடும்போது அதன் விலா மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நின்று திரும்பினால் புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது.

குழி ரோட்டில் லொடலொட என்று வந்தால், வரும்போதே இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள் (பின்னால் காடி இல்லாத இடத்தில்). தொட்டதும் நின்றால் பிரேக் பேட் ஆடுகிறது: கிளிப் விட்டிருக்கும், அல்லது கேலிப்பர் பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் ஆர்ம் செட் முழுசும் மாற்றிய காடிகள் உண்டு. மனசு வலிக்கிற செலவு அது.

ஃபோர் வீல் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பார்ட் டைம் ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் காடி முரண்டு பிடித்துக் குதிக்கும், கொர்ரென்று முனகும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், ஆனால் நடுவில் அதைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் இல்லை. அது கோளாறு கிடையாது, போட்ட இடம் தப்பு. முழுசாகத் திருப்பி மெதுவாக நகரும்போது டக் டக் டக்கென்று சக்கரத்தோடு சேர்ந்து எண்ணிக்கொண்டு வந்தால் அது சிவி ஜாயிண்ட், முன் சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கும் தண்டின் மூட்டு. நிபோங் திபால் பக்கம் செம்பனைக் காட்டுச் செம்மண்ணில் ஓடும் காடிகளில், அதை மூடும் ரப்பர் பூட்டில் நகக்கண் அளவு கிழிசல் போதும். கிரீஸ் வெளியே, மண் உள்ளே.

லிஃப்ட் செய்த (உயரம் கூட்டிய) காடிகள் தனிக் கதை. ஸ்பேசர் மட்டும் வைத்து இரண்டு இன்ச் தூக்கினால் சக்கரம் கீழே இறங்குவதற்கு இடம் குறைந்துபோகும். போங்கோலை விட்டு இறங்கும்போது, ஏறும்போது அல்ல, ஒரே ஒரு டக் கேட்டால் அப்சோர்பர் தன் முழு நீளத்துக்கு இழுபட்டு முட்டுகிறது. மேல் ஆர்ம் காயிலில் உரசிய பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த ஜாயிண்டைப் புதுசாக மாற்றினாலும் இந்த டக் போகாது.

இவ்வளவுக்கும் முன் ஐந்து நிமிடம்: பின் சீட்டுக்குக் கீழே ஜாக்கி இறுகியிருக்கிறதா, பேட்டரி கிளாம்ப், ஸ்கிட் பிளேட் போல்ட்டு, டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகடு வளைந்து உரசுகிறதா. கையால் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

டை ராட் எண்டைக் கழற்றும்போது பழையது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள்; டயர் கடைவரை ஓட்டிப்போக அது போதும். கூம்பு தண்டைத் துடைத்துக் காய்ந்தபடியே போட வேண்டும், கிரீஸ் தடவினால் அளவுக்கு மேல் உள்ளே இறங்கும். கோட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் ஊசி) துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தி நேராக்கக்கூடாது. அலைன்மெண்டுக்குப் போகும் முன் கீழ் ஆர்மின் கேம் போல்ட்டு (சக்கரத்தின் கோணத்தை மாற்றும் போல்ட்டு) திரும்புகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பழைய காடிகளில் அது புஷ்ஷின் நடுக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். டயர் கடைக்காரர் டோவை (சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணம்) மட்டும் சரிசெய்து, கேம்பரை (சக்கரம் சாயும் கோணம்) அப்படியே விட்டு அனுப்பிவிடுவார். இரண்டு நாள் முன்னதாகவே துரு விடும் எண்ணெயை ரப்பரில் படாமல் போல்ட்டு முனையில் ஊற வைத்து, நட்டை ஒரு சுற்று தளர்த்தித் தட்டிப் பாருங்கள். அசையவில்லையென்றால் போல்ட்டையும் புஷ்ஷையும் சேர்த்து அறுத்து எடுக்க வேண்டியிருக்கும், அதற்கான சாமானை வாங்கி வைத்துக்கொண்டு காடியைப் பிரியுங்கள்.